புறவாசல் அடுக்களை
(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பலரும் ‘இளைஞர் சக்தி’, ‘நாளைய உலகம்’ என்று பெரிய பெரிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்பது அடிக்கு ஏழு அடி இடம்தான். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நாங்கள் கட்டிய அடுக்களை அது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீங்களும் கட்டுவதானால் தாராளமாகப் பார்த்துக் கட்டுங்கள். ஆனால் உயரத்தை மட்டும் என் அம்மாவின் அளவில் வைத்துவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

என் அம்மா சித்தாள். பதினேழு வருஷமாகச் செங்கலும் கலவையும் சுமக்கிறாள். சென்ற தை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஏல ஐயா, டவுன்ல ஒரு வீட்டுல மொட்டைமாடில அடுக்களை கட்டுதாவ. கரி அடுப்பு, கிரானைட் மேடை, தண்ணிக் குழாய் எல்லாம் உண்டு. எதுக்குன்னு கேட்டா கோழி சுடதுக்காம்! நமக்கு உள்ள இடமில்லன்னு வெளிய சமைக்கோம். அவுகளுக்கு உள்ள அம்புட்டு இடம் கெடக்கு, வெளிய வாராவ பாத்தியா!”

அதற்கு ‘பார்பிக்யூ’ என்று பேர் என்று சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. “பாப்பு கியூவோ என்னமோ, கல்லு மட்டும் மூணு மாடி சுமந்தாச்சு” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினேழு வருஷத்தில் அம்மா எத்தனை வீட்டு அடுக்களைக்குக் கல் சுமந்திருப்பாள்! நம் வீட்டிலோ தகரத்துக்குக் கீழே மூன்று கல். சாரல் அடித்தால் அதுவும் அணையும்.

‘உங்கள் வீட்டில் கேஸ் இல்லையா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கிடைத்த இணைப்பு. காலை அவசரத்துக்கும் ஆச்சிக்குக் காப்பி போடவும் அதுதான். ஆனால் வெந்நீர், சோறு, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எல்லாம் விறகில்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அதில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் சூட்டை மூன்று கல் அடுப்பில் வாங்க வேண்டுமானால் ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு எரிக்க வேண்டும். விறகில் சூடு இல்லாமலில்லை. மூன்று கல் அடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மிச்சம் காற்றுக்கும் புகைக்கும் அம்மாவின் முகத்துக்கும் போகிறது. ஆனாலும் விறகு எங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. வேலை நடக்கிற இடத்தில் கழித்துப்போட்ட சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை அம்மா கட்டி எடுத்து வருவாள். சிலிண்டரைக் கடைக்காரர் சும்மா தருவாரா?

பகலெல்லாம் சிமெண்ட் தூசி, ராத்திரி விறகுப் புகை. அம்மாவுக்கு இருமல் இரண்டு வருஷமாக விடவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா, “தூசியையாவது புகையையாவது, ரெண்டுல ஒண்ண விடணும்” என்று சொல்லிவிட்டார்கள். தூசியை விட்டால் கூலி போய்விடும். அதனால் புகைதான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. போரிலே செத்தால் செய்தித்தாளில் வருகிறது. அடுப்பிலே செத்தால் ‘அவளுக்கு ஈளை இழுப்பு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

பணத்துக்கு ஒரு வழி இருந்தது. எனக்கு லேப்டாப் வாங்க அம்மா சீட்டுப் போட்டு 12,000 ரூபாய் சேர்த்திருந்தாள். அதை எடுக்கலாம் என்றேன். அம்மா கோபித்துக்கொண்டாள். நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அப்பா போனில், “அவன் படிக்கது இதத்தான? கட்டட்டும்” என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் வேலைக்குக் கல்லூரி லேப் இருக்கிறது. அம்மாவின் நெஞ்சுக்கு மாற்று லேப் கிடையாது.

முதலில் இடம். எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேல்காற்று எப்படி வரும் என்று நம் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே குற்றாலச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே மேற்கிலும் வடக்கிலும் சுவர், கிழக்கும் தெற்கும் திறப்பு. மேலிருந்து பார்த்தால் ‘ட’ என்ற எழுத்து மாதிரி இருக்கும். அடுப்பு வடக்குச் சுவரை ஒட்டி, அதன் வாய் தெற்குப் பார்த்து. காற்று நேரே அடுப்பின் வாய்க்குள் புகுந்தால் தீ சீறும், புகை திரும்பும். பக்கவாட்டில் போனால் தொந்தரவு இல்லை.

இதற்கு எதிர்ப்பு அடுத்த தெருத் தாத்தா ஒருவரிடமிருந்து வந்தது. அடுப்பு என்றால் அக்கினி மூலை, அதாவது தென்கிழக்குதான் என்று அவர் நின்றார். நான் காற்று வீசும் திசையைப் படம் போட்டுக் காட்டினேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. அம்மா ஒரே வரியில் முடித்தாள்: “மாமா, ஆடிக் காத்துக்கு அக்கினி மூல தெரியாதுல்லா!”

கூரைக்குப் பனையோலை மலிவு. ஆனால் தீப்பொறி பறக்கும் இடத்தில் ஓலை கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெட்டினால் வரும் தூசி நுரையீரலுக்கு எமன். இருமலுக்காகக் கட்டுகிற அடுக்களைக்கு அதைப் போடுவேனா? இடித்த வீட்டிலிருந்து பழைய மங்களூர் ஓடு 130 வாங்கினோம். பனங்கை வைத்து ஓடு வேய்ந்தால் தப்பித் தவறி வருகிற புகையும் இடுக்கு வழியாக மேலே போய்விடும். செங்கலும் பழசுதான். ஒட்டியிருந்த காரையைக் கொத்தி எடுக்க ஆச்சி, அம்மா, நான் மூவருமாக ஒரு வாரம் உட்கார்ந்தோம்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். சமையல் மேடையைத் தரையிலிருந்து 32, 33 அங்குலத்தில் கட்டுவதுதான் பொதுவான வழக்கம். என் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். நேராக நிற்கவைத்து முழங்கை வரை டேப் பிடித்தேன், 36 அங்குலம் வந்தது. காய் நறுக்க மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. ஆகவே 32 சரிதான். ஆனால் அடுப்பு? அடுப்பின் மேல் பானை உட்காருகிறதே! பானையின் உயரம் எட்டு அங்குலம் என்றால் கிண்டுகிற கை நாற்பதுக்குப் போய்விடும். கையை உயர்த்தி, கொதிக்கிற ஆவிக்கு முகத்தைக் கொடுத்துக் கிண்ட வேண்டும். அடுப்பின் உயரம் என்பது பானை வாயின் உயரம்தான். எனவே நறுக்கும் மேடை 32, அடுப்பு மேடை 25 அங்குலம் என்று இரண்டு தளமாக வரைந்தேன். உங்கள் வீட்டு அம்மா ஐந்தரை அடி என்றால் இந்தக் கணக்கு உதவாது. முதலில் டேப்பை எடுங்கள்.

அம்மாவுக்கு நின்று சமைப்பதே பிடிக்கவில்லை. “நின்னுக்கிட்டே சமைக்க நான் என்ன ஓட்டலா வச்சிருக்கேன்?” என்றாள். பகலெல்லாம் நிற்கிறவள், ராத்திரியாவது உட்கார வேண்டாமா என்பது அவள் நியாயம். ஆனால் குந்தியிருந்தால் முகம் தீக்கு நேரே வருகிறது, புகையை முழுதும் வாங்குகிறது. கடைசியில் சமாதானம் இப்படி: அடுப்புக்கு முன்னால் சுவரில் பதித்த ஒரு கல் திண்ணை. சோறு கொதிக்கும்போது அதில் உட்காரலாம், கிண்டும்போது எழலாம். ஆச்சிக்குத் தனியாகத் தரையில் ஒரு சின்ன அடுப்பும் அம்மியும். ஆச்சியிடம் உயரம் பற்றிப் பேசவே முடியாது.

அடுப்புதான் இதில் உயிர். புகையில்லா அடுப்பு புதிய சங்கதி இல்லை. ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1980-களில் மத்திய அரசு ஊர் ஊராக அப்படிப்பட்ட அடுப்புகளைக் கட்டிக்கொடுக்க ஆரம்பித்து 2002 வரை நடத்தியது. எங்கள் தெருவிலும் அதில் ஒன்று உண்டு. குழாயில் கரி அடைத்து, இப்போது அதன் மேல் கோழி முட்டை இடுகிறது! குழாயைத் துடைக்க வழி வைக்காமல் கட்டினால் எந்த அடுப்பும் கோழிக்கூடுதான். அதனால் என் வரைபடத்தில் முதலில் வரைந்தது, குழாயின் அடியில் கரி வாரும் ஒரு சின்னக் கதவு.

இரண்டு வாய் அடுப்பு. முதல் வாய்க்கு அடியில் தீ எரிகிறது. அந்தச் சூடு ஒரு சாய்வான பாதையில் ஏறி இரண்டாவது வாயில் இருக்கும் வெந்நீர்ப் பானையைத் தொட்டு, பிறகு நாலு அங்குலக் குழாய் வழியாக மேலே போகிறது. குழாய் எப்படிப் புகையை இழுக்கிறது? சூடான காற்று லேசானது. வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் 150 டிகிரி, குழாயின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் பண்ணினால் கிடைக்கிற இழுப்பு சுமார் 10 பாஸ்கல். அதாவது ஒரு மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்! அவ்வளவுதான். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் அம்மாவின் நெஞ்சுக்குப் போகிற புகையை வானத்துக்குத் திருப்புகிறது. விறகு வாயை அகலமாக வைத்தாலோ, குழாயைக் கூரை ஓட்டுக்குக் கீழே நிறுத்தினாலோ அந்த இழுப்பு போய்விடும். ஆகவே விறகு வாய் ஆறுக்கு ஐந்து அங்குலம்தான். குழாய் கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி.

தீப்படும் உள்பக்கத்துக்குச் சிமெண்ட் பூசக்கூடாது. சிமெண்ட் இறுகுவதே தண்ணீரைத் தன்னோடு கட்டிக்கொள்வதால்தான். 450 டிகிரி வாக்கில் அந்தத் தண்ணீர் கழன்றுவிடுகிறது, பிறகு உதிரும். புற்றுமண், செம்மண், உமி, கொஞ்சம் சாணி சேர்த்து இரண்டு நாள் புளிக்கவைத்துப் பூசினோம். இது ஆச்சியின் இலாகா. ஆச்சி மண்ணை விரலில் உருட்டிப் பார்த்து, வெடிக்காத பதம் வந்த பிறகுதான் விட்டாள். உள் செங்கலுக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு அதில் சலித்த சாம்பலைக் கொட்டினோம். சாம்பல் சூட்டை வெளியே விடாது. இது என் இலாகா.

அம்மா சொன்ன அந்த மாடி வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் விருந்தன்றே கரி அடுப்பை ஒட்டியிருந்த கிரானைட் ‘டப்’ என்று குறுக்கே விரிந்துவிட்டதாம். கிரானைட்டில் உள்ள ஒவ்வொரு தாதுவும் சூட்டில் ஒவ்வொரு விதமாக விரிகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று பெரிதாகும். ஒரு பக்கம் மட்டும் சூடுபட்டால் கல் என்ன செய்யும்? பளபளப்புக்கு ஆசைப்பட்டால் தீயிலிருந்து தள்ளி வையுங்கள். நாங்கள் நறுக்கும் மேடைக்கு மட்டும் ஒரு கடப்பாக் கல் போட்டோம்.

சுடுவதற்கும் ஓர் இடம் வைத்தோம். அது மட்டும் ஏன் பணக்காரர்களுக்கு? கருவாடு, கத்தரிக்காய், சோளக்கதிர், அப்பளம் எல்லாம் நாம் சுடாததா? அடுப்பு மேடையின் கிழக்கு முனையில் இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் தொட்டி மாதிரி கட்டி, உள்சுவரில் இரண்டு வரிசையில் செங்கலை ஓர் அங்குலம் துருத்த விட்டோம். கம்பித் தட்டை மேல் வரிசையில் வைத்தால் கத்தரிக்காய் நிதானமாக வேகும், கீழ் வரிசையில் வைத்தால் கருவாடு சடசடவென்று பொரியும். கரிக்குச் சிரட்டை. தட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வாங்கி, மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் தன் மாமாவின் பட்டறையில் பற்றவைத்துத் தந்தான். நாகம் பூசிய கம்பி வேண்டாம் நண்பர்களே. அந்த நாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். இன்னொன்று: கரி நெருப்பில் புகை தெரியாது. அதனால் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கரி அடுப்பு எப்போதும் வெளியேதான்.

வேலைக்கு அம்மாவோடு வேலை பார்க்கும் கொத்தனார் அண்ணாச்சி முதல் ஞாயிறு வந்தார். வானம் தோண்டி, அஸ்திவாரம் போட்டு, இரண்டு சுவரையும் மூன்றடி வரை ஏற்றினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவருக்கு ஒரு கல்யாண வீடு. கரணை, தூக்குக் குண்டு, ரசமட்டம் எல்லாம் எங்கள் வீட்டிலேயே கிடந்தன. அடுப்பு மேடை பாக்கி.

கல்லூரியில் நாம் செங்கல் அடுக்கிப் பழகியிருக்கிறோமே என்ற தைரியத்தில் நான் கரணையை எடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, “தள்ளு” என்றாள்.

நண்பர்களே, நம் பக்கத்தில் கட்டிட வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷம் போனாலும் சித்தாள்தான். கையாளாக வருகிற பையன் மூன்று வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவனுக்குக் கல் எடுத்துக் கொடுத்த அக்கா அப்படியே கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ‘பொம்பளை கரணை பிடிக்கக்கூடாது’ என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை. எழுதாததுதான் அழிக்க முடியாமல் இருக்கிறது. அம்மா பதினேழு வருஷத்தில் ஒருநாள் கூடக் கரணையைப் பிடித்ததில்லை.

அன்று பிடித்தாள். நூல் கட்டினாள், கலவையை வீசினாள், கல்லை வைத்தாள், கரணைக் காம்பால் இரண்டு தட்டு. யோசிக்கவே இல்லை. நான் சட்டி தூக்கினேன். “கலவை தண்ணியா இருக்கு... இன்னும் ரெண்டு சட்டி மணலப் போட்டுக் கொழை... அங்க என்ன வேடிக்கை, கல்லக் கொண்டா!” அம்மா கொத்தனார், நான் சித்தாள். இத்தனை காலம் தன்னை யார் யார் எப்படி விரட்டினார்களோ, அத்தனையும் அன்று என் தலையில் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கல் கொண்டுவந்து கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு தளமும் ஏறிவிட்டன.

மூன்றாவது ஞாயிறு அண்ணாச்சி வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்தார். மறுபடியும் வேறு மூலையில் வைத்தார்.

“மதினி, இத எங்க படிச்சீய?”

“பதினேழு வருசம் கீழ நின்னு மேல பாத்தேம்லா” என்றாள் அம்மா.

மண் பூச்சு காய இரண்டு வாரம் விட்டோம். தினம் சாயங்காலம் நாலு சுள்ளி மட்டும் எரித்து மெல்ல மெல்லச் சூடு காட்டினோம். முதலில் ஊதுபத்தியை விறகு வாயில் நீட்டிப் பார்த்தேன். புகை ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு நூல் மாதிரி உள்ளே போயிற்று. ஆனி மாதக் காற்றிலும் அப்படியேதான் போகிறது. முதல் சமையல் நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டாவது வாயில் வெந்நீர் தானாகக் கொதித்தது. அண்ணாச்சிக்குச் சுட்ட கருவாடு தனியாக. முன்பு ஒரு நாளைக்கு ஆறு கிலோ விறகு ஆகும். இப்போது நாலு கிலோவில் முடிகிறது. வீட்டுத் தராசில் நானே ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன். பெயிண்ட் பூசிய பலகையும் பிளைவுட்டும் எரிக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்த்துப் பொறுக்குகிறாள்.

மொத்தச் செலவு 10,650 ரூபாய். மிச்சம் 1,350 ரூபாயை அம்மா மறுபடி சீட்டில் போட்டுவிட்டாள். லேப்டாப்பை அவள் மறக்கவில்லை.

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது, கண் எரிச்சல் இல்லை. சிமெண்ட் தூசி அப்படியேதான் இருக்கிறது. கூரை வேய்ந்து முடித்த மறுநாள் திங்கட்கிழமை, அம்மா வழக்கம்போலச் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஏழரை மணிக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவள் சித்தாள்தான்.

பக்கத்து வீட்டுச் சித்தி போன மாதம் வந்து எங்கள் அடுப்பில் ஒரு வேளை சமைத்துப் பார்த்தார்கள். தங்கள் புறவாசலிலும் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். இதே மாதிரி வராது, அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி டேப்பைக் கொண்டுபோனேன். சித்திக்கு முழங்கை 39 அங்குலம். படம் வரைந்தாயிற்று, செங்கலுக்கும் சொல்லியாயிற்று. கொத்தனார் யார் என்பதையும் பேசி முடித்துவிட்டார்கள். அட்வான்சாக நூறு ரூபாயை வெற்றிலையில் வைத்து அம்மா கையில்தான் கொடுத்திருக்கிறார்கள்.